படிவத்தில் இல்லாத கட்டம்: தருமபுரிக்கு வந்த முதல் திருநங்கை உதவி ஆய்வாளர்

தருமபுரி மாவட்டம் என்றதும் வெளியூர்க்காரர்களுக்கு நினைவுக்கு வருவது ஒகேனக்கல்தான். அருவி, பரிசல், பொரித்த மீன். ஆனால் 2017 ஏப்ரலில் இந்த மாவட்டத்தின் பெயர் நாடு முழுக்கச் செய்தியில் வந்ததற்குக் காரணம் அருவி இல்லை. இந்தியாவின் முதல் திருநங்கை காவல் உதவி ஆய்வாளர் கே. பிரித்திகா யாஷினி, சட்டம் ஒழுங்குப் பிரிவில் பணியேற்றது இந்த மாவட்டத்தில்தான்.

இவர் சேலத்துக்காரர். கணினி பயன்பாட்டியல் பட்டதாரி. உதவி ஆய்வாளர் தேர்வுக்கு விண்ணப்பித்தபோது அவருக்கு முன்னால் இருந்த முதல் தடை எழுத்துத் தேர்வும் இல்லை, ஓட்டப் பந்தயமும் இல்லை. விண்ணப்பப் படிவம்! ஆண், பெண் என இரண்டே கட்டங்கள். இரண்டில் எதை நிரப்பினாலும் சிக்கல். பள்ளி, கல்லூரிச் சான்றுகளில் இருந்த பெயர் ஒன்று, அவர் வாழ்கிற பெயர் வேறொன்று. விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது.

படிவத்தில் ஒரு கட்டம் இல்லை என்பது கேட்க சின்ன விஷயமாகத் தெரியலாம். அரசு அலுவலகத்தில் மனு கொடுத்துப் பழகிய உங்களுக்குத் தெரியும், அங்கே நம்மை முதலில் பார்ப்பது அதிகாரி இல்லை, படிவம்தான். அதில் இடமில்லாத ஆளுக்கு அடுத்த மேசைக்கே போக முடியாது.

அவர் சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனார். ஒரு தடவை இல்லை, தேர்வின் ஒவ்வொரு கட்டத்திலும் போக வேண்டியிருந்தது. தேர்வெழுத அனுமதி கேட்டு ஒரு முறை, உடற்தகுதித் தேர்வுக்காக இன்னொரு முறை. நூறு மீட்டர் ஓட்டத்தில் அவர் பின்தங்கியது சுமார் ஒரு நொடி. 2015 நவம்பரில் தலைமை நீதிபதி சஞ்சய் கிஷன் கவுல், நீதிபதி புஷ்பா சத்தியநாராயணா அமர்வு அவருக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. அவரோடு அது நிற்கவில்லை. அடுத்த தேர்வு அறிவிப்பிலேயே மூன்றாம் பாலினத்தவருக்குத் தனிப் பிரிவு வேண்டும் என்று சீருடைப் பணியாளர் தேர்வு வாரியத்துக்குச் சொன்னது. என்னைக் கேட்டால், அவர் தோளில் ஏறிய நட்சத்திரங்களைவிடப் பெரிய விஷயம் இதுதான். அடுத்து வருகிறவர் கட்டத்துக்காக வழக்குப் போட வேண்டியதில்லை.

இந்தத் தீர்ப்புக்கு முன்பே சில கதவுகள் திறந்திருந்தன. நாட்டிலேயே முதன்முதலாகத் திருநங்கைகளுக்கென நலவாரியம் அமைத்தது தமிழ்நாடு, 2008-ல். 2014 ஏப்ரல் 15 அன்று உச்ச நீதிமன்றம், நல்சா வழக்கில், ஒருவர் தன் பாலினத்தைத் தானே சொல்லிக்கொள்ளும் உரிமையை ஏற்றது. பிறகு பெயர்கள் வரிசையாக வந்தன. 2018-ல் ராமநாதபுரம் மாவட்டத்துச் சத்யஸ்ரீ ஷர்மிளா வழக்கறிஞராகப் பதிவு செய்தார். மதுரையில் பிறந்த பரதக் கலைஞர் நர்த்தகி நடராஜ் 2019-ல் பத்மஸ்ரீ பெற்றார், 2021-ல் மாநில வளர்ச்சிக் கொள்கைக் குழுவில் உறுப்பினரானார்.

சரி, இது எல்லாம் பெரிய பெயர்கள். ஊட்டமலையிலோ பென்னாகரத்திலோ இருக்கிற ஒருவருக்கு இதில் என்ன இருக்கிறது?

அவருக்கும் பிரித்திகாவுக்கு இருந்த அதே சிக்கல்தான்: சான்றில் ஒரு பெயர், ஆள் வேறு பெயர். வங்கிக் கணக்கு, ரேஷன் அட்டை, கல்லூரிச் சேர்க்கை எதற்குப் போனாலும் "இது யாரு?" என்ற கேள்வி. பிரித்திகா விண்ணப்பித்த காலத்தில் இதற்கென்று நாடு முழுக்க ஒரே வழிமுறை இல்லை. 2019-ல் வந்த திருநர் உரிமைகள் பாதுகாப்புச் சட்டமும் 2020 விதிகளும் அந்த வழியைப் போட்டன. அதன்படி அடையாளச் சான்று தருபவர் மாவட்ட ஆட்சியர். ஒன்றிய அரசின் தேசிய திருநர் இணையதளத்தில் விண்ணப்பிக்கலாம். ஒகேனக்கல்லிலிருந்து தருமபுரி ஆட்சியர் அலுவலகம் 45 கிலோமீட்டருக்கு மேல். ஒரு நாள் கூலியை விட்டுவிட்டுப் போக முடியாதவருக்கு இது உண்மையான உதவி.

2020 விதிகள் கேட்டது உறுதிமொழிப் பத்திரம். உடல் பரிசோதனை கூடாது என்று அவை தெளிவாகச் சொல்லின. விண்ணப்பிக்கும் நாளுக்கு முன் தொடர்ந்து 12 மாதம் அந்த மாவட்டத்தில் வசித்திருக்க வேண்டும். 30 நாளுக்குள் சான்று. நிராகரித்தால் காரணம் சொல்லியாக வேண்டும், 90 நாளுக்குள் மேல்முறையீடு செய்யலாம். 18 வயது ஆகாதவர்களுக்குப் பெற்றோர் அல்லது பாதுகாவலர் விண்ணப்பிக்க வேண்டும். விதிகள் அவ்வப்போது திருத்தப்படும் என்பதால், அனுப்பும் முன் ஆட்சியர் அலுவலக வளாகத்தில் உள்ள மாவட்ட சமூக நல அலுவலகத்தில் நடைமுறையை ஒருமுறை கேட்டுக்கொள்ளுங்கள். நலவாரிய உறுப்பினர் அட்டைக்கும் அதே அலுவலகம்தான்.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். இந்த மாதிரிக் கட்டுரைகளில் திருநங்கைகளைப் பற்றியே எழுதிவிட்டு, பெண்ணாகப் பதிவு செய்யப்பட்டு ஆணாக வாழும் திருநம்பிகளை மறந்துவிடுகிறோம். 2019-ல் வந்த சட்டம் அவர்களையும் சேர்த்தே சொன்னது. வீட்டில் அப்படி ஒரு பிள்ளை இருந்தால், படிப்பை நிறுத்தாமல் சான்றை முதலில் வாங்கிக் கொடுங்கள். வேலைக்கு விண்ணப்பிக்கும் நேரத்தில் பெயரை மாற்ற அலைவதைவிட, மேல்நிலைப் பள்ளியிலேயே இதைத் தொடங்குவது எளிது.

சான்று கைக்கு வந்ததும் வேலை முடிந்துவிடாது. ஆதார், வங்கிப் புத்தகம், கல்விச் சான்று ஒவ்வொன்றிலும் அதைக் காட்டிப் பெயரையும் பாலினத்தையும் மாற்றக் கேட்க வேண்டும். விதிகளின்படி அந்தந்த அலுவலகம் 15 நாளுக்குள் மாற்றித் தர வேண்டும். இழுத்தடித்தால் திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் மக்கள் குறைதீர் கூட்டத்தில் மனு கொடுங்கள். தருமபுரிக்குப் போகும்போது சான்றின் நகல் இரண்டு எடுத்துப் போங்கள், ஒப்புகைச் சீட்டு வாங்காமல் திரும்ப வேண்டாம்.