எட்டு ராத்திரி, மூணே மூணு ரயில்!



"வெளிநாடு போறதெல்லாம் நமக்கு ஆகற காரியமா?" என்று கேட்கும் இல்லத்தரசிகளுக்காகவே இதை எழுதுகிறேன். தாராளமாக ஆகும். ஆனால், டிக்கெட் வாங்குவதற்கு முன், ஒரு வெள்ளைத்தாளும் பேனாவும் எடுத்துக்கொண்டு உட்கார வேண்டும்.

எங்கள் வட ஆற்காடு பக்கத்திலிருந்து அந்தக் காலத்தில் மலாயா ரப்பர் தோட்டங்களுக்குப் போனவர்கள் ஏராளம். அப்படிப் போன ஒரு குடும்பத்தில் வாழ்க்கைப்பட்டவர், என் மாமியாரின் அக்கா. மலேசியாவில், பேராக் மாநிலம், சுங்கை சிப்புட்டில் இருக்கிறார். கடைசியாகத் திருப்பத்தூர் வந்தது, 1989ல். இப்போது அவருக்கு வயது 79. என் மாமியாருக்கு 74. சர்க்கரை, முட்டிவலி இரண்டும் உண்டு.

நான் மூன்று வருடம் கட்டிய சீட்டுப் பணம், 2 லட்சம் ரூபாய் கைக்கு வந்தது. அதில் அத்தையை அழைத்துப் போய் அக்காவைக் காட்டிவிட்டு வரலாம் என்று நானும் கணவரும் முடிவு செய்தோம். விஷயம் தெரிந்ததும், ஆளாளுக்கு யோசனை!

உறவுக்காரப் பையன் ஒருவன் பயணத் திட்டமே போட்டுக் கொடுத்து விட்டான். ஏழே நாளில் சிங்கப்பூர், கோலாலம்பூர், ஈப்போ, பினாங்கு, அங்கிருந்து தாய்லாந்து! "அவ்வளவு தூரம் போய்ட்டு, இதெல்லாம் பாக்காம வருவாங்களா அத்தே?" என்றான். அந்தத் தாளில் பெரியத்தை வீட்டுக்கு ஒதுக்கியிருந்தது, இரண்டு மணி நேரம்.

அதுவரை பேசாமல் இருந்த என் மாமியார், "எங்க அக்காவ பாக்கத்தாம்மா நான் வரேன். ஊரு சுத்திப் பாக்கறதுன்னா நீங்க போய்ட்டு வாங்க" என்றார். அன்று இரவே அந்தத் தாளை மடித்து வைத்துவிட்டு, புதிதாக ஒன்று எழுத ஆரம்பித்தேன்.

முதல் வரியில், "எதற்காகப் போகிறோம்?" என்று எழுதினேன். பதில், சுங்கை சிப்புட். அதற்கு மூன்று ராத்திரி என்று முதலில் குறித்து விட்டு, மற்ற ஊர்களை அதற்கு முன்னும் பின்னும் வைத்தேன்.

அடுத்து, நாட்களை எண்ணாமல் ராத்திரிகளை எண்ணினேன். பகலில் பாதி ரயிலில் போய் விடும். எந்த ஊரில் படுத்து எழுகிறோமோ, அந்த ஊரைத்தான் பார்க்க முடியும். கோலாலம்பூரிலிருந்து ஈப்போ ஏறக்குறைய 200 கிலோமீட்டர். நம் ஜோலார்பேட்டையிலிருந்து சென்னை போகிற தூரம்தான். இ.டி.எஸ். என்ற மின்சார ரயிலில் இரண்டரை மணி நேரம். கேட்கச் சுலபம்தான். ஆனால், அறையைக் காலி செய்வது, வயதானவரை நடத்திக் கூட்டிப் போவது, முக்கால் மணி முன்னதாக நிலையத்தில் இருப்பது, இறங்கி வண்டி பிடிப்பது, அடுத்த இடத்தில் பெட்டியை வைத்து முகம் கழுவுவது... கூட்டிப் பாருங்கள், ஆறு மணி நேரம்! ஒரு முறை ஊர் மாறினால், அரைநாள் காலி. ஏழு நாளில் ஐந்து ஊர் என்றால், பார்ப்பது எப்போது?

சிங்கப்பூரை மனசே இல்லாமல் அடித்தேன். மலேசியாவுக்கு இந்தியர்கள், 2023 டிசம்பர் 1 முதல் 2026 டிசம்பர் 31 வரை, 30 நாள் விசா இல்லாமலே போய்வரலாம் என்று அந்நாட்டு அரசு அறிவித்திருக்கிறது. (அதற்குப் பிறகு கிளம்புபவர்கள், விசாரித்துக் கொள்ளவும்.) சிங்கப்பூருக்கோ தனியே விசா எடுக்க வேண்டும், எல்லையில் இரண்டு பக்கமும் பாஸ்போர்ட் சோதனைக்கு நிற்க வேண்டும். முட்டிவலிக்காரரோடு அது வேண்டாம்.

கடைசியில் எங்கள் தாளில் மிஞ்சியது இதுதான்: கோலாலம்பூர் இரண்டு ராத்திரி, சுங்கை சிப்புட் மூன்று, பினாங்கு இரண்டு, திரும்பவும் கோலாலம்பூர் ஒன்று. எட்டு ராத்திரி, ஊர் மாற மூன்றே ரயில், ஒரு நாளைக்கு ஒரு ரயிலுக்கு மேல் இல்லை. 2025 ஜூலையில் கிளம்பினோம்.

காலை ரயிலில் ஜோலார்பேட்டையிலிருந்து சென்னை. சென்ட்ரலிலேயே மெட்ரோ ஏறினால், விமான நிலைய வாசலில் இறக்கி விடுகிறது. விமானம் நான்கு மணி நேரம். மலேசிய நேரம், நம் நேரத்தை விட இரண்டரை மணி முந்தியது. ராத்திரி ஏறினால், சரியாகக் கண் மூடுவதற்குள் அங்கே விடிந்து விடும். அதனால் முதல் நாள் எந்த வேலையும் வைக்கவில்லை. தங்கினது பிரிக்பீல்ட்ஸ் பகுதியில். கே.எல். சென்ட்ரல் ரயில் நிலையத்தை ஒட்டிய இடம். தமிழ்ப் பேச்சு, இட்லி, பூக்கடை எல்லாம் உண்டு.

மறுநாள், அதே நிலையத்திலிருந்து உள்ளூர் மின்சார ரயிலில் பத்துமலை. கோவிலுக்குப் பக்கத்திலேயே இறங்கலாம். 272 படி. அத்தையை, 2006ல் திறந்த 140 அடி உயர முருகன் சிலைக்குக் கீழே உட்கார வைத்து, கணவரும் நானும் மாறி மாறி ஏறி வந்தோம். "கீழ இருந்தாலும் அவன்தானே!" என்று அத்தை கும்பிட்டுக் கொண்டார்.

"கார் வைத்துக் கொண்டால் என்ன?" என்று கேட்பவர்கள் உண்டு. சர்க்கரை நோயாளிக்கு, அடிக்கடி பாத்ரூம் போக வேண்டியிருக்கும். ரயிலில் அந்தக் கூச்சமும், கவலையும் இல்லை. பெண்களுக்கு இது எவ்வளவு பெரிய நிம்மதி என்று, நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

ஆனால், அந்த ரயில் நம்மூர் ரயில் மாதிரி இல்லை. எல்லாமே பதிவு செய்த இருக்கைகள். ஓடிப் போய் அன்ரிசர்வ்டில் ஏற முடியாது. பள்ளி விடுமுறை, தைப்பூசம் சமயங்களில் டிக்கெட் சீக்கிரம் தீர்ந்து விடும். பதிவு செய்ய பாஸ்போர்ட் எண் தேவை. எல்லா வண்டியும் சுங்கை சிப்புட்டில் நிற்பதில்லை. நிற்கும் வண்டியாகப் பார்த்து எடுத்தோம். சிவப்புச் சட்டைப் போர்ட்டரை எதிர்பார்க்க முடியாது என்பதால், ஆளுக்கு ஒரு பெட்டி, அவரவர் தூக்கும் அளவுக்கு.

சுங்கை சிப்புட்டில், இரண்டு கிழவிகளும் கட்டிக் கொண்டு அழுவார்கள் என்று நினைத்தோம். இல்லை. முதல் நாள், ஒருவரையொருவர் பார்த்துக் கொண்டு, "சாப்பிட்டியா?" என்பதைத் தவிரப் பேச்சே இல்லை. 36 வருட இடைவெளி! இரண்டாம் நாள், "ஜவ்வாது மல பலாப்பழம் இப்பவும் சந்தைக்கு வருதாடி?" என்று ஆரம்பித்தார் பெரியத்தை. மூன்றாம் நாள் விடிய விடியப் பேச்சு. அம்மா சாவுக்கு வர முடியாமல் போன கதை, அன்றைக்குத்தான் வெளியே வந்தது. நாங்கள் கொண்டு போன ஆரணிப் பட்டை மடியிலேயே வைத்துக் கொண்டிருந்தார். இரண்டு மணி நேரத்தில் கிளம்பியிருந்தால், "சாப்பிட்டியா?"வோடு முடிந்திருக்கும்.

பிறகு பட்டர்வொர்த் வரை ரயில். நிலையத்துக்கு அருகிலேயே படகுத்துறை. கடலைக் கடந்து, கால் மணியில் பினாங்கு. ஜார்ஜ்டவுன் தெருக்களை, அவசரமில்லாமல் சைக்கிள் ரிக்ஷாவில் பார்த்தோம். விமானத்துக்கு முந்தின நாளே கோலாலம்பூர் திரும்பி விட்டோம். ரயில் தாமதமானாலும், வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொள்ள வேண்டாம் பாருங்கள்!

கிளம்பும் சகோதரிகளுக்குச் சில குறிப்புகள்:

* பாஸ்போர்ட் இன்னும் ஆறு மாதமாவது செல்லுபடியாக வேண்டும்.

* மலேசியா போய்ச் சேரும் நாளுக்கு முந்தைய மூன்று நாட்களுக்குள், அந்நாட்டு வருகை அட்டையை இணையத்தில் நிரப்ப வேண்டும். இது இலவசம், பணம் கேட்டால், அது போலித்தளம்.

* கோலாலம்பூர் விமான நிலையத்தில் இரண்டு முனையங்கள். திரும்பும் விமானம் எதிலிருந்து என்று, முன்பே குறித்துக் கொள்ளுங்கள்.

* மாத்திரைகளை டாக்டர் சீட்டோடு கைப்பையில் வையுங்கள். பழம், விதை, செடி கொண்டு போகாதீர்கள்; அனுமதி இல்லாமல் விட மாட்டார்கள்.

* எழுதி முடித்த திட்டத்தில், ஓர் ஊரை அடித்து விடுங்கள். அந்த நாள், எப்படியும் வேறு எதற்காவது தேவைப்படும்.

எந்த ஊரை அடித்தாலும், யாருக்காகக் கிளம்புகிறோமோ, அவர்கள் ஊரை மட்டும் அடித்து விடாதீர்கள்!

- ஒரு வாசகி, திருப்பத்தூர்.