ஆடிட்டர் கையெழுத்து எப்படித் தயாராகிறது?

பல்லடம் பக்கத்து நூற்பாலை ஒன்று கோவையில் உள்ள வங்கிக் கிளையில் 20 கோடி ரூபாய் கடன் கேட்கிறது என்று வைத்துக்கொள்வோம். கடன் கோப்பில் எத்தனையோ காகிதங்கள் சேரும். அவற்றில் ஒரு காகிதம் வராமல் கோப்பு மேசையை விட்டு நகராது: ஆடிட்டர் கையெழுத்துப் போட்ட பேலன்ஸ் ஷீட். கேட்பவரும் கொடுப்பவரும் ஒருவரையொருவர் முழுதாக நம்பவேண்டிய அவசியம் இல்லை. இருவரும் நம்பும் மூன்றாவது ஆள் ஒருவர் இருந்தால் போதும். அப்படி ஓர் ஆளைச் சட்டம் போட்டுத் தயாரிக்கிறது இந்தியா. அந்தத் தயாரிப்பு முறை எந்த நூற்பாலை இயந்திரத்துக்கும் குறைந்ததல்ல.

கணக்கைச் சரிபார்க்கிறவருக்கு இன்ன தகுதி வேண்டும் என்று 1913-ஆம் ஆண்டின் கம்பெனிச் சட்டம் விதித்தது. 1918-ல் பம்பாயில் அரசுக் கணக்கியல் டிப்ளமோ வந்தது. 1932-ல் நாடு முழுவதற்கும் விதிகள் எழுதப்பட்டன. 1949 ஜூலை 1 அன்று பட்டயக் கணக்காளர் சட்டம் அமலுக்கு வந்து, இந்தியப் பட்டயக் கணக்காளர் நிறுவனம் பிறந்தது. அரசியல் சாசனம் அமலாக அப்போது இன்னும் ஆறேழு மாதம் பாக்கி! அந்தப் பழைய விதிகளோடு மோதியவர்களில் ஒரு தமிழ்ப் பெண்ணும் உண்டு. சென்னையின் ஆர். சிவபோகம் 1933-ல் டிப்ளமோ தேர்வில் வென்றார். ஆனால் விடுதலைப் போராட்டத்தில் சிறை சென்றிருந்தார். சிறை சென்றவர் கணக்காளராகப் பதிய முடியாது என்றது அரசு. வழக்காடி வென்று 1937-ல் தொழில் தொடங்கினார். இந்தியாவின் முதல் பெண் ஆடிட்டர் அவர்தான். பின்னாளில் இந்த நிறுவனத்தின் தென்மண்டலக் குழுவுக்கே தலைவரானார்.

இன்று ஆடிட்டராக வேண்டுமானால் பன்னிரண்டாம் வகுப்பு முடித்த பையனோ பெண்ணோ மூன்று படி ஏறவேண்டும்: ஃபவுண்டேஷன், இன்டர்மீடியட், ஃபைனல். நான்கு, ஆறு, ஆறு என்று 16 தாள், 1,600 மதிப்பெண். பட்டதாரிகள் போதிய மதிப்பெண் வைத்திருந்தால் முதல் படியைத் தாண்டி நேரே இரண்டாவதில் கால் வைக்கலாம்.

வியப்பு தாள்களின் எண்ணிக்கையில் இல்லை, தேர்ச்சிக் கணக்கில் இருக்கிறது. மேல் இரண்டு படிகளிலும் மூன்று தாள் சேர்ந்தது ஒரு குரூப். ஒவ்வொரு தாளிலும் குறைந்தது 40 வேண்டும்; மூன்றும் சேர்ந்து 300-க்கு 150 வேண்டும். மூன்றிலும் சரியாக 40 எடுத்தவர் தோற்றார், மொத்தம் 120 தானே. 99, 99, 39 என்று எடுத்தவரும் தோற்றார், 237 வாங்கியும்! ஆனால் அவருக்கு ஒரு ஆறுதல்: 60-ம் அதற்கு மேலும் எடுத்த தாள்களுக்கு எக்ஸெம்ப்ஷன் உண்டு, அடுத்த மூன்று அட்டெம்ப்ட்டுக்கு அவற்றை மறுபடி எழுதவேண்டாம்.

இன்னும் ஒரு நுணுக்கம். ஒருவர் முதல் குரூப்பில் 140, இரண்டாவதில் 165 எடுக்கிறார். எந்தத் தாளிலும் 40-க்குக் கீழே போகவில்லை. தனித்தனியாக எழுதியிருந்தால் முதல் குரூப் அவுட். ஒரே சமயத்தில் இரண்டையும் எழுதியிருந்தால் மொத்தம் 305, பாதிக்கு மேல், இரண்டிலும் பாஸ். ஒன்றில் மிஞ்சியது இன்னொன்றின் பள்ளத்தை நிரப்புகிறது. ஆக, படிப்பதற்கு முன்பே மாணவர் ஒரு துணிகர முடிவு எடுக்கவேண்டியிருக்கிறது: ஒன்றாகப் போவதா, பிரித்துப் போவதா? 2024 நவம்பர் ஃபைனலில் இரண்டு குரூப்பையும் சேர்த்து எழுதியவர்கள் 30,763 பேர். வென்றவர்கள் 4,134. ஏழு பேரில் ஒருவருக்கும் சற்றுக் குறைவு.

தேர்வு மட்டும் போதும் என்று சட்டம் நினைக்கவில்லை. இன்டர்மீடியட் முடித்தவர் ஓர் ஆடிட்டரிடம் இரண்டு ஆண்டு ஆர்ட்டிக்கிள்ஷிப் செய்யவேண்டும், அதாவது வேலையோடு கூடிய கட்டாயப் பயிற்சி. 2023-க்கு முன் இது மூன்று ஆண்டாக இருந்தது. குறைத்தது சரியா என்பதில் பழைய ஆடிட்டர்களுக்கு ஒரு முணுமுணுப்பு உண்டு. எனக்கும்தான். ஏனென்றால் இந்தப் படிப்பின் உயிர் இங்கேதான் இருக்கிறது.

மார்ச் 31. நிதியாண்டின் கடைசி நாள். இருபது, இருபத்தொரு வயது ஆர்ட்டிக்கிள் மாணவர் ஒருவர் பஞ்சு குடோனில் நோட்டும் கையுமாக ஸ்டாக் எடுக்க நிற்கிறார். ஒரு பேல் சுமார் 170 கிலோ. ஆயிரம் பேல் இருந்தால் 1,70,000 கிலோ. எண்ணிப் பெருக்கினால் முடிந்தது என்றுதானே தோன்றும்? பஞ்சு காற்றிலிருக்கும் ஈரத்தைக் குடிக்கும், வெயிலில் அதைத் துப்பவும் செய்யும். முற்றிலும் உலர்ந்த 100 கிலோ பஞ்சுக்கு எட்டரை கிலோ ஈரம் என்பது வணிகத்தில் ஏற்றுக்கொண்ட அளவு. ஆலைக்காரர்கள் இதை ரீகெயின் என்பார்கள். பங்குனி வெயிலில் அது எட்டரையிலிருந்து ஏழரைக்கு இறங்கினால் ஆயிரம் பேலில் ஏறத்தாழ 1,570 கிலோ காணாமல் போகும். கதவு திறக்கவில்லை, லாரி வரவில்லை, ஆனாலும் ஒன்பது பேலின் எடை காற்றோடு போய்விட்டது. எடை குறைந்தால் உடனே திருட்டு என்று எழுதிவிட முடியாது. அதே சமயம், திருடனுக்கு இதைவிட நல்ல சாக்கும் கிடைக்காது.

இரண்டையும் பிரித்தறியும் வழி அழகானது. உள்ளே வந்த பஞ்சு, வெளியே போன நூல், விற்ற கழிவு, கண்ணுக்குத் தெரியாமல் தூசியாகவும் ஈரமாகவும் போனது: நான்கும் ஒன்றுக்கொன்று கணக்கில் சேரவேண்டும். அந்தக் கடைசி இழப்பு போன ஆண்டுகளைவிடத் திடீரென்று பெருத்திருந்தால் கேள்வி எழும். அடுத்து ஈ.பி. பில். ஒரு கிலோ நூலுக்கு இத்தனை யூனிட் மின்சாரம் என்பது ஒவ்வொரு ஆலைக்கும் ஓரளவு நிலையான எண். நூல் உற்பத்தி ஐந்தில் ஒரு பங்கு குறைந்துவிட்டது என்று புத்தகம் சொல்லி, மின்சாரம் மட்டும் குறையாமல் ஓடியிருந்தால் அந்த நூல் எங்கே போயிற்று? இங்கேயும் கொங்கு நாட்டுக்கே உரிய ஒரு முடிச்சு உண்டு. பாலக்காட்டுக் கணவாய்க் காற்றை நம்பி உடுமலைப் பக்கம் சொந்தக் காற்றாலை வைத்திருக்கும் ஆலைகள் பல. அந்த யூனிட்டுகள் பில்லில் கழிந்து வரும். கட்டிய தொகையை மட்டும் பார்க்கிற மாணவர் ஏமாந்துபோவார். காற்றாலை அறிக்கையையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு பார்க்கிறவர்தான் தேறுவார். இது எந்தப் பாடப்புத்தகத்திலும் இப்படி இருக்காது.

திருப்பூருக்குப் போனால் கதை வேறு. பனியன் துணி நிட்டிங், சாயம், காம்பாக்டிங், பிரிண்டிங் என்று ஜாப் ஒர்க்குக்காகப் பட்டறை பட்டறையாகச் சுற்றும். மார்ச் 31 இரவு முதலாளியின் சரக்கில் பாதி அடுத்தவர் கூரையின்கீழ் கிடக்கலாம். ஆடிட்டர் சாயப்பட்டறைக்குக் கடிதம் அனுப்பி, 'உங்களிடம் இவர் துணி எவ்வளவு இருக்கிறது?' என்று கேட்பார். பதில் முதலாளியின் கைக்குப் போகாமல் நேரே ஆடிட்டர் அலுவலகத்துக்கு வரவேண்டும் என்பது விதி. இந்தச் சின்ன ஏற்பாட்டில்தான் முழுச் சூட்சுமமும் அடங்கியிருக்கிறது. கூடவே அன்று கடைசியாகக் கிழித்த டெலிவரி சலானின் எண்ணையும் குறித்துக்கொள்வார்கள். அதுவரையிலான எண்கள் இந்த ஆண்டு, பிந்தையவை அடுத்த ஆண்டு.

ஆண்டுக்கு நாலாயிரம் பில் வருகிற இடத்தில் எல்லாவற்றையும் யார் பார்ப்பது? ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது இங்கே செல்லாது. கணக்குப் புத்தகம் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி வேகுவதில்லை. அதனால் ஆடிட்டர்கள் பில்லை விட்டுவிட்டு ரூபாயைத் தேர்ந்தெடுக்கிறார்கள். இதை ரூபாய்வழி மாதிரியெடுப்பு என்று சொல்லலாம். மொத்தக் கொள்முதல் 10 கோடி என்றால் அந்த 10 கோடி ரூபாயையும் மனத்தில் வரிசையாக நிறுத்துங்கள். குலுக்கலில் ஒரு தொடக்கம்: 3,27,415-ஆவது ரூபாய். அங்கிருந்து ஒவ்வொரு 10 லட்சத்துக்கும் ஒரு ரூபாய். அந்த ரூபாய் எந்தப் பில்லுக்குள் விழுகிறதோ அதை வெளியே எடு. அதிகபட்சம் நூறு பில்தான் கைக்கு வரும். ஆனால் 10 லட்சமும் அதற்கு மேலும் உள்ள எந்தப் பில்லும் இந்த வலையில் தப்பமுடியாது. பத்தாயிரம் ரூபாய் பில் சிக்குவதற்கு நூற்றில் ஒரு வாய்ப்பு. தொகைக்கு ஏற்ற கண்காணிப்பு, அதுவும் யாருடைய விருப்பு வெறுப்பும் கலக்காமல்!

பயிற்சியும் ஃபைனலும் முடிந்தால் பட்டயக் கணக்காளர் நிறுவனத்தில் உறுப்பினராகச் சேரலாம், ஆறு இலக்க எண் கிடைக்கும். அதோடு கடை திறந்துவிட முடியாது. தொழில் நடத்தத் தனியாக ஒரு சான்றிதழ் வேண்டும். கம்பெனியில் முழுநேரச் சம்பளத்துக்கு இருக்கும் உறுப்பினர் ஊர்க் கணக்குகளில் ஆடிட் கையெழுத்துப் போட முடியாது.

சான்றிதழும் கிடைத்தாயிற்று. அப்போதும் எல்லார் கணக்கிலும் கை வைக்க முடியுமா? ஒரு கம்பெனியைத் தணிக்கை செய்கிறவர் அதன் ஒரே ஒரு பங்கைக்கூட வைத்திருக்கக் கூடாது. உறவினர் வைத்திருந்தால் முகமதிப்பில் ஒரு லட்சம் ரூபாய் வரை பொறுத்துக்கொள்ளப்படும். உறவினர் அங்கே இயக்குநராக இருந்தால் தகுதியே போய்விடும். உறவினர் யார் என்று கம்பெனிச் சட்டம் பட்டியல் போட்டிருக்கிறது: கணவன் அல்லது மனைவி, இந்துக் கூட்டுக் குடும்பத்தின் சக உறுப்பினர், தாய், தந்தை, மகன், மருமகள், மகள், மருமகன், உடன்பிறந்தவர்கள். அவ்வளவுதான். மச்சான் இல்லை. மாமன் இல்லை. பிரிந்துபோன பங்காளியும் இல்லை. இந்தப் பட்டியலை எழுதியவர் ஒரு முகூர்த்த நாளில் கோயம்புத்தூர்க் கல்யாண மண்டபத்தில் அரைமணி நேரம் உட்கார்ந்திருந்தால் இன்னும் ஒரு பக்கமாவது நீட்டியிருப்பார்.

எனக்கு மிகவும் பிடித்த விதி இன்னொன்று. ஒரு முதலாளி, 'இந்தாளு கையெழுத்துப் போட மாட்டேங்கறாருங்க' என்று ஆடிட்டரை மாற்றப் பார்க்கிறார். வருகிற புதியவர் வேலையை ஏற்பதற்கு முன் பழையவருக்கு எழுத்தில் தெரிவித்தே ஆகவேண்டும். தெரிவிக்காமல் ஏற்றால் அது தொழில் ஒழுங்கீனம். பழையவர் ஏன் விலகினார் என்பதைப் புதியவர் தெரிந்துகொள்ள இதனால் ஒரு வாசல் திறக்கிறது. லாபத்தில் இத்தனை சதவீதம் என்று தணிக்கைக்குக் கட்டணம் பேசுவதும் கூடாது; லாபம் கூடினால் தனக்கும் கூடும் என்கிறவர் லாபக் கணக்கை எப்படிச் சரிபார்ப்பார்?

அமெரிக்காவில் ஒவ்வொரு மாநிலமும் தன் உரிமத்தைத் தானே தருகிறது. 1896-ல் நியூயார்க் தொடங்கிவைத்தது. தேர்வு எல்லாருக்கும் ஒன்றுதான், படிப்பு, அனுபவ நிபந்தனைகள் மட்டும் மாநிலத்துக்கு மாநிலம் மாறும். இங்கே அந்தத் தலைவலி இல்லை. ஈரோட்டில் ஆர்ட்டிக்கிள்ஷிப் செய்தவர் கௌஹாத்தியில் பலகை மாட்டலாம்.

இவ்வளவு பாடுபட்டுத் தயாரான கையெழுத்தை ஒரு ரப்பர் ஸ்டாம்பைச் செய்து யாரோ போலியாகப் போட்டால்? போட்டார்கள். அதற்கு மருந்தாகத்தான் 2019-ல் யூடின் கட்டாயமானது. ஆடிட்டர் கையெழுத்திடும் ஒவ்வொரு சான்றுக்கும் அறிக்கைக்கும் 18 இலக்கத்தில் தனி எண்: முதல் இரண்டு ஆண்டைக் குறிக்கும், அடுத்த ஆறு அவருடைய உறுப்பினர் எண், மிச்சம் பத்தும் கணினி குலுக்கிப் போட்ட எழுத்தும் எண்ணும். அதை உருவாக்கும்போது விற்றுமுதல் போன்ற முக்கியத் தொகைகளையும் ஆடிட்டர் பதிந்துவிட வேண்டும். வங்கி அதிகாரி தன் மேசையில் இருக்கும் காகிதத்தின் எண்ணைப் பட்டயக் கணக்காளர் நிறுவனத்தின் இணையதளத்தில் தட்டினால் அந்தத் தொகைகள் வந்து நிற்கும். 12 கோடி என்று ஆடிட்டர் பதிந்ததைக் காகிதத்தில் யாராவது 21 கோடி ஆக்கியிருந்தால் கடன் கோப்பு அந்த மேசையிலேயே மூடப்படும்.