அலையேறும் கற்றாழை

ரயில் பாதை ஓரத்திலும் தோட்ட வேலியிலும் நிற்கும் ஆனைக் கற்றாழையைப் பார்த்திருப்பீர்கள். பத்து, இருபது வருஷம் தரையோடு தரையாகக் கிடக்கும். திடீரென்று நட்டநடுவிலிருந்து கொடிமரம் போல 20 அடிக்கு ஒரு தண்டை எழுப்பும், பூக்கும், அதோடு செத்துப்போகும். காய்ந்து நிற்கும் அந்தத் தண்டில் கலிபோர்னியாவின் கேரி லிண்டன் அலைச்சறுக்குப் பலகை செய்கிறார்.

தண்டை வெட்டினால் வெளியே கெட்டித் தோல், உள்ளே வெள்ளைச் சோறு, அதனூடே நீளவாக்கில் ஓடும் நார். அறுத்த துண்டுகளைப் பக்கம் பக்கமாக ஒட்டி இழைத்தால், பழுப்பும் வெள்ளையும் கலந்த வரிகளோடு பலகை வந்துவிடும். உயிரோடிருக்கும் செடி எதையும் வெட்ட வேண்டியதில்லை.

இவ்வளவு பாடு எதற்கு? கடலை நேசிப்பதாகச் சொல்கிறவர்களின் காலடியில் இருப்பது பெரும்பாலும் பெட்ரோலியம். நடுவில் பாலியூரிதேன் நுரை, மேலே கண்ணாடி இழைத் துணி, அதை இறுக்கும் பாலியெஸ்டர் ரெசின். நுரை செய்யத் தேவையான டி.டி.ஐ. என்ற வேதிப்பொருள் நுரையீரலுக்குக் கெடுதல். 2005 டிசம்பர் 5 அன்று கலிபோர்னியாவின் கிளார்க் ஃபோம் நிறுவனம் சொல்லாமல் கொள்ளாமல் கதவை மூடியது. அமெரிக்கப் பலகைகளில் மிகப் பெரும்பாலானவற்றுக்கு நுரை கொடுத்துவந்த நிறுவனம் அது. பலகைத் தச்சர்கள் வேறு பொருளைத் தீவிரமாகத் தேடத் தொடங்கியது அதற்குப் பிறகுதான்.

முதலில் கைக்கு வந்தது தெர்மாகோலின் உறவுக்கார நுரை. பள்ளி மாடலுக்குத் தெர்மாகோல் ஒட்டப்போய், தவறான பசை பட்டு அது குழிவிழுந்து கரைந்ததைப் பார்த்தவர்களுக்கு அடுத்த சங்கதி புரியும். பாலியெஸ்டர் ரெசினும் அதைக் கரைத்துவிடும், எபாக்ஸிதான் ஒத்துவரும். அந்த எபாக்ஸியில் ஒரு பகுதியைத் தாவர எண்ணெயிலிருந்து எடுக்கவும் இப்போது வழியுண்டு. 2015-இல் சான் டியாகோவிலுள்ள கலிபோர்னியா பல்கலைக்கழக விஞ்ஞானிகள் பாசி எண்ணெயிலிருந்து பாலியூரிதேன் நுரையே செய்து காட்டினார்கள். ஆனால் பாலியூரிதேனுக்கு இரண்டு பாதி உண்டு. பாசி தந்தது பாலியால் என்ற ஒரு பாதியை மட்டும். ஐசோசயனேட் என்ற மறுபாதி மாறவில்லை. அரைப் பச்சை என்று சொல்லலாம்.

மரத்துக்கே திரும்பினால் என்ன? கணக்குப் போட்டுப் பார்ப்போம். நடுத்தரப் பலகை ஒன்றின் கொள்ளளவு சுமார் 30 லிட்டர். அத்தனையும் நுரை என்றால் ஒன்றேகால் கிலோ வரும். பால்சா மரம் என்றால் நாலரை கிலோ. உப்புநீரை எளிதில் உறிஞ்சாத பவுலோனியா என்றால் எட்டுக்கு மேல். ஆகவே மரப்பலகையை விமான இறக்கைபோல் உள்ளே விலா எலும்பு வைத்து, வெறும் கூடாகச் செய்கிறார்கள். அதில் காற்றுப்போக ஒரு சின்னத் திருகு இருக்கும். வெயிலில் விட்டால் உள்ளிருக்கும் காற்று விரிந்து ஒட்டைப் பிளந்துவிடுமே!

பொருளையே குறைப்பது இன்னொரு வழி. முழங்காலிட்டு ஏறும் நீபோர்டு குட்டையானது, அதனால் பொருளும் குறைவு. 1960-களில் ஜார்ஜ் கிரீனோ என்ற அலைச்சறுக்கு வீரர் தன் நீபோர்டின் நடுவையும் பின்பகுதியையும் கரண்டிபோல் குழித்து, அங்கே நுரையே இல்லாமல் மெல்லிய கண்ணாடி இழைத் தகட்டை மட்டும் விட்டார். மீன்வால்போல் வளைந்து கொடுப்பதற்காகத்தான் அப்படிச் செய்தார். எனக்கென்னவோ சிக்கனத்தின் முதல் பாடமும் அதுதான் என்று படுகிறது.

ரெசினே வேண்டாம் என்பவர்களுக்கு ஹவாயின் பழைய அலையா இருக்கிறது. மெல்லிய தட்டைப் பலகை, அடியில் துடுப்பு கிடையாது, எண்ணெய் பூசினால் போதும். ஆஸ்திரேலியாவில் டாம் வெக்னர் அதைப் பவுலோனியாவில் மீட்டெடுத்தார். ஏறி நிற்பது கஷ்டம்.

கற்றாழைப் பலகைக்குக்கூட மேலே கண்ணாடி இழையும் எபாக்ஸியும் வேண்டியிருக்கிறது. நம் மீனவர் கரைகளில் கட்டுமரத்தின் இடத்தைப் பிடித்த பைபர் படகுகளும் இதே இனம்தான். உடைந்தால் மக்காது, உருக்கி மறுபடி வார்க்கவும் முடியாது. அதனால் பலகை எதில் செய்தது என்று கேட்குமுன் எத்தனை வருஷம் தாங்கும் என்று கேளுங்கள். இரண்டே பருவத்தில் முறிகிற பச்சைப் பலகை பச்சையில்லை.

ஹவாய்க்காரர்கள் தலைவர்களுக்கான நீண்ட ஓலோ பலகையை விலிவிலி மரத்தில் செய்தார்கள். அது நம் கல்யாண முருங்கைக்கு ஒன்றுவிட்ட தங்கை. ஹொனலுலுவின் பிஷப் அருங்காட்சியகத்திலிருந்த பழைய பலகைகளை 1920-களில் செப்பனிட்டபோதுதான் டாம் பிளேக் என்ற அலைச்சறுக்கு வீரருக்கு உள்கூடு வைத்த பலகை செய்யும் யோசனை வந்தது. அவற்றின் சொந்தக்காரரான தலைவர் பாக்கி 1855-இல் இறந்தார். பலகைகள் இன்னும் அங்கே இருக்கின்றன.