திருப்பாதிரிப்புலியூரிலிருந்து ஜித்தா வரை

ஹஜ்ஜுக்கோ உம்ராவுக்கோ நிய்யத்து வைத்திருக்கும் உங்களில் பலர், "சென்னையிலிருந்து ஜித்தா எவ்வளவு தூரம்?" என்று கேட்டிருப்பீர்கள். வான்வழியே நேர்கோட்டில் சுமார் 4,450 கிலோமீட்டர். நேரடி விமானத்தில் ஏறக்குறைய ஆறு மணி நேரம். பம்பாயிலிருந்து கப்பலேறிய நம் முன்னோர் ஒரு வாரத்திற்கும் மேலாகக் கடலில் கழித்தனர். அக்கப்பல் பயணம் 1995ஆம் ஆண்டோடு நின்றுவிட்டது.

ஆனால் உங்கள் பிரயாணம் விமான நிலையத்தில் தொடங்குவதன்று. சென்னை விமான நிலையமே திருப்பாதிரிப்புலியூரிலிருந்து சுமார் 170 கிலோமீட்டர். கஸ்ராகத் தொழுவதற்குரிய தூரமோ ஏறத்தாழ 80 கிலோமீட்டர்தான். எனவே நம் ஊர் எல்லையைத் தாண்டியதுமே நான்கு ரக்அத் தொழுகையை இரண்டாகச் சுருக்கும் சலுகை உங்களுக்கு உண்டு. சிதம்பரத்துக்குப் போய்வரும் வியாபாரிக்கு இச்சலுகை இல்லை. அது ஐம்பது கிலோமீட்டருக்குள் அடங்கிவிடுகிறது. (2022இல் தமிழக ஹாஜிகள் கொச்சிக்குச் சென்று விமானம் ஏற நேர்ந்தது. 2023இல்தான் மீண்டும் சென்னை கிடைத்தது.)

இனி, கவனமாக இருக்கவேண்டிய இடத்துக்கு வருவோம். கப்பலில் சென்றவர்கள் யலம்லமுக்கு நேராக வந்ததும் நிதானமாகக் குளித்து இஹ்ராம் அணிந்தார்கள். விமானமோ நிமிடத்துக்குப் பதினான்கு கிலோமீட்டர் பறக்கிறது. ஜித்தாவில் இறங்குமுன்பே மீக்காத்தின் எல்லையைக் கடந்துவிடுகிறது. அறிவிப்பு வந்தபின் கழிவறை வாசலில் வரிசையில் நின்று துணி மாற்றிக்கொள்ளலாம் என்று இருந்துவிடாதீர்கள். இஹ்ராம் துணியைப் பெட்டிக்குள் வைத்துச் சரக்கறைக்கு அனுப்பிவிட்டுக் கைபிசைந்து நிற்பவரின் நிலை இரங்கத்தக்கது. இஹ்ராமின்றி எல்லையைக் கடந்தவர் மீக்காத்துக்குத் திரும்பவேண்டும். இயலாவிடில் ஆடு அறுத்துப் பரிகாரம் செய்யவேண்டும். ஆகவே துணியைச் சென்னையிலேயே அணிந்துகொள்ளுங்கள். நிய்யத்தையும் தல்பியாவையும் அறிவிப்பு வந்ததும் சொல்லிக்கொள்ளலாம். முதலில் மதீனா செல்வோருக்கு இக்கவலை இல்லை. அவர்களுக்குத் துல்ஹுலைஃபா இருக்கிறது.

ரமலானில் உம்ரா செல்வோருக்கு இன்னொரு செய்தி. மேற்கு நோக்கிப் பறக்கையில் சூரியனும் நம்மோடு வருவதுபோல் தோன்றும். ஏறத்தாழப் பாதி வேகத்தில்தான் அது சாயும். பிற்பகல் இரண்டு மணிக்குப் புறப்பட்டவரின் கைக்கடிகாரம் சென்னையின் மஃரிபு நேரத்தைக் காட்டும்போது, ஜன்னலுக்கு வெளியே வெயில் அடித்துக்கொண்டிருக்கும். கண்ணெதிரே சூரியன் இருக்கக் கடிகாரத்தை நம்பி நோன்பு திறக்கலாகாது. அவர் ஜித்தாவில் இறங்கும்போது நம் நேரம் இரவு எட்டு. அங்கே மாலை ஐந்தரை! நோன்பு நீளுமே என்று அஞ்சும் முதியோர் கலங்கவேண்டா. பயணி நோன்பை விட்டுப் பின்னர் நோற்றுக்கொள்ளத் திருமறையின் இரண்டாம் அத்தியாயம், 185ஆம் வசனம் அனுமதிக்கிறது.

திரும்பி வரும்போது எல்லாம் தலைகீழ். கிழக்கே பறக்கும் விமானத்தில் பகல் விரைந்து ஓடும். லுஹரைத் தொழுது சற்றே கண்ணயர்ந்தால் அஸர் கைநழுவிப் போகும்.