காசைக் கட்டினால் கால் நடக்கும்

கொச்சி மட்டாஞ்சேரியில் 1568-ல் கட்டப்பட்ட பரதேசி யூத ஆலயத்துக்குப் போகும் சிறிய தெருதான் ஜூ டவுன். பழம்பொருள் கடைகளுக்கு நடுவே இன்றும் மிளகும் சுக்கும் மணக்கின்றன. மிளகு முன்பேர வணிகத்துக்காக 1957-ல் சங்கம் அமைந்ததும் இங்கேதான். அந்த வியாபாரத்தின் விதி எளிது: வாய்ச்சொல் மட்டும் போதாது. முன்பணம் கட்ட வேண்டும். நட்டம் வந்தால் அதிலிருந்து பிடித்துக்கொள்வார்கள்.

நாம் நமக்கே கொடுத்துக்கொள்ளும் வாக்குக்கு இப்படி எந்தப் பிணையும் கிடையாது. ஜனவரி முதல் தேதி வாங்கிய நடைக் காலணி பொங்கலுக்குள் பரணுக்குப் போய்விடுகிறது. விளைவு விளையாட்டல்ல. 2023-ல் வெளியான ஐ.சி.எம்.ஆர். ஆய்வின்படி இந்தியாவில் சர்க்கரை நோயாளிகள் சுமார் 10.1 கோடி.

காசு ஆசை காட்டினால் கால் நகருமா? கோவையில் பொருளாதார ஆய்வாளர்கள் சோதித்துப் பார்த்தார்கள். சர்க்கரை நோய் உள்ளவர்கள், வரும் ஆபத்தில் இருப்பவர்கள் கையில் அடிகளை எண்ணும் கருவியைக் கொடுத்தார்கள். ஒரு நாளில் 10,000 அடி நடந்தால் மொபைல் ரீசார்ஜாக ரூ. 20 வரை பரிசு. 3 மாதத்தில் நடை சுமார் 20 சதவீதம் கூடியது. வாரத்தில் 4 அல்லது 5 நாளாவது இலக்கை எட்டினால்தான் பணம் என்று சிலருக்கு நிபந்தனை போட்டார்கள். குறைந்த செலவில் ஏறத்தாழ அதே பலன் கிடைத்தது. பரிசு நின்ற பிறகும் பழக்கத்தில் ஒரு பகுதி தங்கியது.

சென்னையில் 229 சைக்கிள் ரிக்‌ஷாக்காரர்களிடம் நடந்த ஆய்வு இன்னும் சுவாரஸ்யமானது. மாலையில் குடிக்காமல் வந்தால் கூடுதல் பணம். பகல் குடி குறைந்தது. ஆய்வு அலுவலகத்தில் அவர்கள் போட்ட சேமிப்போ பாதிக்குப் பாதி உயர்ந்தது. மூன்றில் ஒரு பங்குக்கும் அதிகமானோர், நிபந்தனையின்றிக் கிடைக்கும் அதிகப் பணத்தை விட்டுவிட்டு 'குடிக்காவிட்டால் மட்டும் கொடுங்கள்' என்று கேட்டார்கள். தங்கள் பலவீனம் அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

பரிசைவிட அபராதம் மேலா? அமெரிக்காவில் சிகரெட்டை நிறுத்த நடந்த ஒரு சோதனை 2015-ல் வெளியானது. பரிசுத் திட்டத்தை 100-க்கு 90 பேர் ஏற்றார்கள். தன் கைக்காசு 150 டாலரைக் கட்டும் திட்டத்தில் சேர்ந்தவர்கள் 14 பேர்தான். ஆனால் துணிந்து கட்டக்கூடியவர்களுக்கு முன்பணமே அதிகப் பலன் தந்தது. கிடைக்கும் பத்து ரூபாயைவிடப் போகும் பத்து ரூபாய் வலிக்கிறது.

இதை வீட்டிலேயே செய்து பார்க்கலாம். இலக்கு எண்ணக்கூடியதாக இருக்கட்டும்: 'உடம்பைக் குறைப்பேன்' அல்ல, 'வாரம் 5 நாள் அரை மணி நடப்பேன்.' ரூ. 500-ஐ மனைவியிடமோ கணவரிடமோ நண்பரிடமோ ஒப்படையுங்கள். வாரக் கணக்கை அவரே காலண்டரில் குறிக்கட்டும். ஜெயித்தால் ரூ. 100 திரும்பும், தோற்றால் தர்மத்துக்குப் போகும். காய்ச்சலில் படுத்த நாளுக்கு விலக்கு உண்டு. பரிசு மட்டும் மைசூர்பாக்காக இருக்க வேண்டாம். நோயாளிகள் டாக்டரைக் கேட்டே தொடங்க வேண்டும்.

ஒன்று முக்கியம்: பணத்தை நீங்களே வைத்துக்கொள்ளாதீர்கள். தனக்குத்தானே மார்ஜின் பிடித்த மிளகு வியாபாரி எவரும் இல்லை.