அரசைக் கண்டிப்பதும் மக்களைப் பழிப்பதும்: ஈ. டி. மொரெலின் இரு போராட்டங்கள்

அரசின் வன்முறையைக் கண்டிக்கும் எழுத்து, மக்கள் கூட்டம் ஒன்றின்மீதான வெறுப்பாக எந்த இடத்தில் திரிகிறது என்பதை ஆராய விரும்புவோர்க்கு, பிரிட்டனில் வாழ்ந்த இதழாளர் ஈ. டி. மொரெலின் (1873–1924) பொதுவாழ்க்கையைவிடப் பொருத்தமான சான்று எளிதில் கிடைக்காது. ஆப்பிரிக்காவின் காங்கோவில் நடந்த பெருங்கொடுமையை உலகறியச் செய்து, அதற்குப் பொறுப்பான மன்னரின் பிடியிலிருந்து அந்நிலம் விலகக் காரணமான இயக்கத்தை நடத்தியவர் அவர். அதன்பின் சில ஆண்டுகளிலேயே, ஜெர்மனியின் ரைன் ஆற்றங்கரையைப் பிரெஞ்சுப் படை பிடித்து வைத்திருந்ததை எதிர்த்தபோது, கறுப்பின மக்களுக்கு எதிராக ஐரோப்பாவில் மூண்ட வெறுப்புக்கு எண்ணெய் வார்த்தவரும் அவரே. இரண்டு முறையும் அவர் எதிர்க்க நினைத்தது அடக்குமுறையைத்தான். அவருடைய எழுத்தாற்றலோ உழைப்போ இடையில் குன்றிவிடவும் இல்லை. குற்றச்சாட்டின் இலக்குதான் இடம் மாறியது.

1884–85இல் ஐரோப்பிய வல்லரசுகள் பெர்லினில் கூடி ஆப்பிரிக்கா பற்றிய விதிமுறைகளை வகுத்ததையொட்டி, பெல்ஜிய மன்னர் இரண்டாம் லியோபோல்டு காங்கோ ஆற்றுப் படுகையின் பெரும்பகுதிமீது தமக்குள்ள உரிமையை ஏற்கச் செய்துகொண்டார். 'காங்கோ சுதந்திர அரசு' என்று பெயர் சூட்டப்பட்ட அந்நிலம் பெல்ஜியத்தின் காலனி அன்று. பெல்ஜிய நாடாளுமன்றத்துக்கு அதன்மீது அதிகாரம் ஏதும் கிடையாது. 1885 முதல் 1908 வரை அது மன்னர் ஒருவரின் தனியாட்சியில் இருந்தது. மிதிவண்டிக்கும் மோட்டார் வண்டிக்கும் ரப்பர் சக்கரங்கள் பரவிக் காட்டு ரப்பருக்கு விலை ஏறியதும், ஊர்தோறும் இவ்வளவு ரப்பர் கொடுத்தாக வேண்டும் என்று அளவு விதிக்கப்பட்டது. கொடுக்கத் தவறிய ஊர்களின் பெண்கள் பிணையாகப் பிடித்து வைக்கப்பட்டார்கள். தோட்டாவை வீணாக்கவில்லை என்று கணக்குக் காட்ட வேண்டியிருந்த படைவீரர்கள், கொல்லப்பட்டோரின் கைகளையும் சில வேளைகளில் உயிரோடிருந்தோரின் கைகளையும் வெட்டிக் கொண்டுபோய் ஒப்படைத்தார்கள்.

இவற்றில் ஒன்றையும் மொரெல் நேரில் கண்டதில்லை. லிவர்பூல் நகரின் எல்டர் டெம்ப்ஸ்டர் கப்பல் நிறுவனத்தில் எழுத்தராக இருந்த அவர், பிரெஞ்சு அறிந்தவர் என்பதால் பெல்ஜியத் துறைமுகமான ஆண்ட்வெர்ப்புக்கு அலுவல் நிமித்தம் அனுப்பப்பட்டு வந்தார். காங்கோவிலிருந்து வரும் கப்பல்களில் ரப்பரும் தந்தமும் நிரம்பியிருக்க, அங்கே திரும்பிச் செல்பவற்றில் பெரும்பாலும் துப்பாக்கியும் தோட்டாவுமே ஏற்றப்படுவதை அவர் கவனித்தார். கொண்டுவரும் சரக்குக்கு ஈடாக எந்தப் பண்டமும் போகவில்லையெனில், அங்கே நடப்பது வாணிகமாக இருக்க முடியாது, கட்டாய உழைப்பாகவே இருக்க வேண்டும் என்பது கணக்கேட்டிலிருந்து அவர் பெற்ற முடிவு. 1901இல் வேலையை விட்டு வெளியேறிய அவர் 1903இல் தமக்கென ஓர் இதழைத் தொடங்கினார். காங்கோவில் பிரிட்டிஷ் தூதராக இருந்த ரோஜர் கேஸ்மென்ட் ஊர் ஊராகச் சென்று திரட்டிய அறிக்கை 1904இல் வெளிவந்தபின், அவருடைய ஊக்குதலோடு காங்கோ சீர்திருத்தச் சங்கத்தை நிறுவினார்.

அச்சங்கத்தின் வெளியீடுகளைப் பார்க்கும் எவருக்கும் அவற்றின் நுணுக்கம் வியப்பளிக்கும். எந்தச் சட்டத்தின்படி நிலம் அரசுடைமையாக்கப்பட்டது, எந்தக் குத்தகை நிறுவனத்தில் மன்னருக்கு எவ்வளவு பங்கு, எந்த ஊரில் எந்த அதிகாரி என்ன செய்தார் என்பவையே அவற்றில் பேசப்பட்டன. ஆலிஸ் சீலி ஹாரிஸ் என்னும் சமயப்பணியாளர் எடுத்த ஒளிப்படங்கள் பிரிட்டிஷ் நகரங்களின் கூட்டங்களில் திரையிட்டுக் காட்டப்பட்டன. லியோபோல்டு இதற்குக் கூறிய மறுமொழி, எல்லாக் காலத்து அரசுகளுக்கும் கைவந்த ஒன்று: இது தம்மீதான குற்றச்சாட்டு அன்று, சின்னஞ்சிறு பெல்ஜியத்தின்மீது பொறாமை கொண்ட லிவர்பூல் வணிகர்களும் கத்தோலிக்கரை வெறுக்கும் புராட்டஸ்டண்ட் போதகர்களும் சேர்ந்து செய்யும் சதி என்றார்; இதையே எழுதும்படி பல நாட்டு இதழ்களுக்கு மறைவாகப் பணமும் கொடுத்தார். ஆட்சியாளர் தம்மையும் தேசத்தையும் ஒன்றாக்கிக் காட்டுவது கவசம் அணிவதற்கு ஒப்பானது. எதிர்ப்பாளர் 'பெல்ஜியர்களே கொடியவர்கள்' என்று எழுதியிருந்தால் அந்தக் கவசத்தைத் தம் கையாலேயே மன்னருக்கு மாட்டிவிட்டிருப்பார்.

அவ்வாறு நேராததற்கு முதன்மையான காரணம், பெல்ஜியர்களே எதிர்ப்பின் முன்னணியில் நின்றதுதான். சோசலிசக் கட்சித் தலைவர் எமில் வாண்டர்வெல்டே பிரஸ்ஸல்ஸ் நாடாளுமன்றத்தில் ஆண்டுக்கணக்கில் வாதாடினார். சட்டப் பேராசிரியர் ஃபெலிசியன் கத்தியே 1906இல் வெளியிட்ட நூல் காங்கோ வருமானம் போன வழியை அம்பலப்படுத்தியது. தம்மை விடுவிக்கும் என்று நம்பி மன்னரே அமைத்த, பெல்ஜிய நீதிபதி ஒருவர் தலைமையிலான விசாரணைக் குழு, கொடுமைகள் உண்மையே என்று உறுதிசெய்தது. ரப்பர் நிறுவனத்தை விமரிசித்து எழுதியதற்காக அமெரிக்கக் கறுப்பினப் போதகர் வில்லியம் ஷெப்பர்டு 1909இல் காங்கோ நீதிமன்றத்தில் நிறுத்தப்பட்டபோது, அவருக்காக வாதாட ஊதியம் வாங்காமல் கப்பலேறிச் சென்றவரும் வாண்டர்வெல்டேதான், ஷெப்பர்டு விடுதலையானார். கடவுள் நம்பிக்கையற்ற பெல்ஜியர் ஒருவர் கிறித்தவப் போதகருக்காக அங்கே போய் நின்ற பிறகு, எல்லாம் ஆங்கிலேயப் புராட்டஸ்டண்டுகளின் சதி என்ற பேச்சு எடுபடவில்லை.

1908இல் பெல்ஜிய நாடு காங்கோவை மன்னரிடமிருந்து எடுத்துக்கொண்டபோது அதன் கடன்களையும் சேர்த்தே ஏற்றது. அரசின் செயலுக்கு மக்கள் எவ்வகையிலும் பொறுப்பில்லையா என்னும் கேள்வி இங்கே இயல்பாக எழும். இதனைப் பின்னாளில் தெளிவாக ஆராய்ந்தவர், நாஜி ஆட்சி வீழ்ந்த மறு ஆண்டு, 1946இல், ஜெர்மானியரின் குற்றம் குறித்து நூல் எழுதிய மெய்யியலாளர் கார்ல் யாஸ்பர்ஸ். சட்டத்தை மீறிய குற்றம் அதைச் செய்த தனி மனிதருக்கே உரியது என்றும், அரசியல் பொறுப்பு, அதாவது தம் அரசு செய்ததன் விளைவுகளை ஈடு முதலிய வழிகளில் சுமக்கும் கடமை, குடிமக்கள் அனைவருக்கும் உண்டு என்றும் அவர் பிரித்தார். ஒழுக்கம் சார்ந்த குற்றத்தை அவரவர் மனச்சான்றே தீர்மானிக்கும் என்றார். பெல்ஜிய வரிசெலுத்துவோர் காங்கோவின் கடனைச் சுமந்தது இரண்டாம் வகை. அதனால் ஆண்ட்வெர்ப் ரொட்டிக்கடைக்காரர் கை வெட்டியவர் ஆகிவிடமாட்டார்.

இந்த வேறுபாடு மக்கள் மனத்திலிருந்து எவ்வளவு விரைவாக அழியும் என்பதை முதல் உலகப் போர் காட்டியது. 1914 ஆகஸ்டில் பெல்ஜியத்துக்குள் புகுந்த ஜெர்மன் படை தினாந் என்னும் ஊரில் மட்டும் 674 குடிமக்களைக் கொன்றது. லூவன் பல்கலைக்கழக நூலகத்தை எரித்தது. இவை ஐயத்துக்கிடமற்ற குற்றங்கள். ஆனால் 1915 மே மாதம் லூசிடானியா கப்பலை ஜெர்மன் நீர்மூழ்கி மூழ்கடித்து ஏறத்தாழ 1,200 பேர் இறந்ததும், லிவர்பூலிலும் லண்டனிலும் கூட்டம் போய் உடைத்தது ஜெர்மன் பெயர் தாங்கிய இறைச்சிக் கடைகளையும் ரொட்டிக் கடைகளையும். பெயர் அயலாக ஒலித்ததால் ரஷ்யர், யூதர் ஆகியோரின் கடைகளும் தப்பவில்லை. படைவயதில் இருந்த ஜெர்மன் ஆண்களைப் பிரிட்டிஷ் அரசு முகாம்களில் அடைத்தது. தமிழ்நாட்டில் பல பத்தாண்டுகளாகப் பணியாற்றிவந்த லைப்சிக் மிஷன் ஊழியர்களும் ஜெர்மானியர் என்ற ஒரே காரணத்தால் வெளியேற்றப்பட, அவர்களுடைய பணியை ஸ்வீடன் திருச்சபையினர் ஏற்க வேண்டியதாயிற்று. அதே ஜெர்மனியில், போருக்கான நிதி ஒதுக்கீட்டை எதிர்த்து 1914 டிசம்பரில் நாடாளுமன்றத்தில் தன்னந்தனியாக வாக்களித்த கார்ல் லீப்னெக்ட் போன்றவர்கள் இருந்தார்கள் என்பதை அன்றைய பிரிட்டிஷ் வெகுமக்கள் இதழ்கள் நினைத்துப் பார்க்கவே இல்லை எனலாம்.

வெறுப்புக்குத் தீனியாகப் பொய்யும் சேர்ந்தது. ஜெர்மானியர் தம் படைவீரர்களின் பிணங்களை உருக்கிக் கொழுப்பு எடுக்கிறார்கள் என்று 1917 ஏப்ரலில் பிரிட்டிஷ் நாளிதழ்கள் எழுதின. அதற்கு ஆதாரமில்லை என்பதைப் பிரிட்டிஷ் வெளியுறவு அமைச்சர் ஆஸ்டன் சேம்பர்லின் 1925இல் நாடாளுமன்றத்தில் ஏற்றுக்கொண்டார். இதன் விலையைக் கொடுத்தவர்கள் வேறு தலைமுறையினர். இரண்டாம் உலகப் போரில் நாஜிகளின் நச்சுவாயுக் கொலைகள் பற்றிய செய்திகள் லண்டனுக்கு வந்தபோது, பிரிட்டிஷ் உளவுக் குழுத் தலைவரான விக்டர் கேவெண்டிஷ்-பென்டிங்க் 1943இல் எழுதிய குறிப்பில், பழைய கொழுப்புக் கதையை நினைவூட்டி இவற்றையும் நம்பத் தயங்கினார். ஓர் இனத்தையே பேயாகச் சித்திரிக்கும் கதை அப்பாவிகளுக்குத் தீங்கிழைப்பதோடு நிற்பதில்லை. பின்னர் உண்மையாகவே கொல்லப்படுவோரின் சாட்சியத்தையும் அது முன்கூட்டியே செல்லாததாக்கிவிடுகிறது.

ஜெர்மானியர்மீதான இவ்வெறுப்பை எதிர்த்து நின்ற சிலருள் மொரெலும் ஒருவர். அரசுகளின் இரகசிய உடன்படிக்கைகளே போருக்குக் காரணம் என்று வாதிட்ட அவர் ஜெர்மன் கைக்கூலி என்று ஏசப்பட்டார். சுவிட்சர்லாந்தில் இருந்த எழுத்தாளர் ரொமெய்ன் ரோலண்டுக்குத் தடையை மீறி வெளியீடுகளை அனுப்பியதற்காக 1917இல் ஆறு மாதச் சிறைத் தண்டனையும் பெற்றார். ஒரு மக்கள் கூட்டத்தை மொத்தமாகப் பழிப்பது என்ன செய்யும் என்பதை உடல் நலிந்து அறிந்தவர் 1920இல் எழுதியது, ஆகவே, மன்னிக்க அரியது.

போருக்குப்பின் ரைன் நிலப்பகுதியைப் பிடித்திருந்த பிரெஞ்சு அரசு, தன் ஆப்பிரிக்கக் காலனிகளிலிருந்து திரட்டிய வீரர்களையும் அங்கே நிறுத்தியிருந்தது. 1920 ஏப்ரலில் பிரெஞ்சுப் படை ஃபிராங்க்ஃபர்ட் நகருக்குள் நுழைந்து, மொராக்கோ வீரர்கள் கூட்டத்தின்மீது சுட்டதில் உயிர்கள் போயின. கண்டிக்க வேண்டியவை அங்கே மிகுதியாகவே இருந்தன: அந்நகரைக் கைப்பற்றிய ஆணை, வீடுகளைப் படைக்கென எடுத்துக்கொண்டது, காலனி மக்களைக் கட்டாயமாகப் படையில் சேர்த்தது. ஆனால் மொரெல் தொழிற்கட்சிச் சார்புள்ள டெய்லி ஹெரால்டு நாளிதழில் எழுதிய கட்டுரையும், அதே ஆண்டு வெளியிட்டுப் பல பதிப்பு கண்ட சிறுநூலும் பேசியவை வேறு. ஆப்பிரிக்கரின் கட்டுக்கடங்காத காமத்திலிருந்து வெள்ளைப் பெண்களுக்கு ஆபத்து என்பதே அவற்றின் மையம். காங்கோவில் கணக்கேட்டைப் புரட்டியவர் இங்கே வதந்தியைப் புரட்டினார். ஆணையிட்ட பாரிஸ் அமைச்சர்கள் பின்னே மறைய, தம் விருப்பத்தைக் கேளாமல் கப்பலேற்றப்பட்ட செனகல் நாட்டு உழவர் குற்றவாளியானார்.

அன்றே இதைச் சுட்டிக்காட்டியவர்களும் இருந்தார்கள். லண்டனில் வாழ்ந்த ஜமைக்காக் கவிஞர் கிளாட் மெக்கே எழுதிய மறுப்பை டெய்லி ஹெரால்டு வெளியிடவில்லை; சில்வியா பாங்க்ஹர்ஸ்ட் நடத்திய சிற்றிதழ் வெளியிட்டது. படை கொண்டு நிலத்தைப் பிடித்து வைத்திருப்பதை எதிர்க்க இனப்பகையைத் தூண்ட வேண்டியதில்லை என்பது அதன் சாரம். ரைன் பகுதியில் அமெரிக்கப் படைத் தலைவராக இருந்த ஹென்றி ஆலன், தம் அரசு கேட்டதன்பேரில் விசாரித்து, குற்றச்சாட்டுகள் பெரும்பாலும் மிகைப்படுத்தப்பட்டவை அல்லது பொய்யானவை என்று அறிக்கை அனுப்பினார். ஜெர்மானியப் போரெதிர்ப்பாளர் லில்லி யானாஷ், தம் நாட்டவரே பெரிதும் விரும்பிப் பரப்பிய இப்பிரசாரத்தை மறுத்து 1921இல் ஒரு நூல் எழுதினார். மொரெல் அசையவில்லை, 1922இல் டண்டீ தொகுதியில் வின்ஸ்டன் சர்ச்சில் தோற்ற தேர்தலில் நாடாளுமன்ற உறுப்பினரானார், 1924இல் இறந்தார்.

அவரும் பிறரும் பரப்பிய கருத்து ஜெர்மன் தேசியவாதிகளின் கையில் தங்கிவிட்டது. ஹிட்லரின் நூலிலும் அது இடம்பெற்றது. அந்த ஆப்பிரிக்க வீரர்களுக்கும் ரைன் நாட்டுப் பெண்களுக்கும் பிறந்த பிள்ளைகள் ஜெர்மன் பள்ளிகளில் ஜெர்மன் பேசி வளர்ந்தவர்கள். பிரெஞ்சு அரசின் எந்த முடிவிலும் பங்கில்லாதவர்கள். 1937இல் நாஜி இரகசியக் காவல் துறை அமைத்த ஒரு தனிக்குழு அவர்களைத் தேடிப் பிடித்தது; ஏறத்தாழ 400 பேருக்கு, அன்றைய ஜெர்மன் சட்டத்திலேயே இடமில்லாதிருந்தும், கட்டாயக் கருத்தடை அறுவை செய்யப்பட்டது.