பழைய மன்னார் வீதியோரம் காடாகிப்போன ஊர்கள்

புத்தளத்திலிருந்து எலுவன்குளம், வில்பத்து ஊடாக மறிச்சுக்கட்டி, சிலாவத்துறை கடந்து மன்னாருக்குச் செல்லும் பாதையைப் பழைய மன்னார் வீதி என்கிறோம். சென்ற பாடசாலை விடுமுறையில் மன்னார்ப் பக்கமிருந்து மறிச்சுக்கட்டி வரை போய் வந்தேன். வீதியோரத்தில் மீள்குடியேறியவர்களின் புதிய வீடுகள் இருக்கின்றன. சற்று உள்ளே நடந்தால் முட்புதர்களுக்குள் ஒரு கட்டுக்கிணறு, இடிந்த சுவர், வீட்டு அத்திவாரம், முற்றத்துப் புளியமரம். இவை காட்டில் தானாக முளைப்பவையல்ல.

இக்கரையில் ஊர் எழுவதும் மறைவதும் புதிதல்ல. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் முத்துக்குளிப்புக் காலம் வந்தால் மறிச்சுக்கட்டிக் கடற்கரையில் ஓலைக் கொட்டில்களாலான தற்காலிக நகரமொன்று எழும். அரபு நாடுகளிலிருந்தும் கீழக்கரையிலிருந்தும் சுழியோடிகள் வருவார்கள். பின்னாளில் எழுத்தாளராக அறியப்பட்ட லெனாட் வுல்ஃப் 1906இல் அரசாங்க உத்தியோகத்தராக அங்கு கடமையாற்றினார். குளிப்பு முடிந்ததும் நகரம் கலைந்துவிடும். அந்த நிலத்துக்கு இன்று எவரும் உரிமை கோருவதில்லை. வந்தவர்கள் தம் விருப்பப்படியே திரும்பிப் போனார்கள்.

1990 ஒக்டோபரில் நடந்தது வேறு. விடுதலைப் புலிகள் வட மாகாண முஸ்லிம்கள் சுமார் 75,000 பேரை வெளியேற்றினார்கள். முசலிப் பிரதேசத்தின் மறிச்சுக்கட்டி, கரடிக்குழி, பாலைக்குழி மக்களும் அவர்களுள் அடங்குவர். பலர் புத்தளத்து முகாம்களில் தஞ்சமடைந்தனர். அடுத்த ஊரான முள்ளிக்குளத்தின் தமிழ்க் கத்தோலிக்கர்கள் 2007இல் வெளியேற்றப்பட்டு, கடற்படை முகாமுக்கு வெளியே பல வருடங்கள் காத்துக் கிடந்தார்கள். இந்த வீதியின் துயரம் ஒரு சமூகத்துக்கு மட்டும் உரியதல்ல.

ஆளில்லாத நிலத்தை உலர்வலயக் காடு விரைவாகவே பிடித்துக்கொள்ளும். முதலில் சூரையும் இலந்தையும் போன்ற முட்செடிகள் பரவும். பாலை, வீரை போன்ற மரங்கள் முற்றுவதற்கோ பல தலைமுறை வேண்டும். 2009இல் யுத்தம் முடிந்து மக்கள் திரும்பியபோது, இருபது வருடப் புதர் ஊரை மூடியிருந்தது. 2012இல் இக்கிராமங்களின் பெயரிலேயே நிலப்பரப்புகள் ஒதுக்கக் காடுகளாக வர்த்தமானியில் அறிவிக்கப்பட்டன. 2017 மார்ச்சில் அவை 40,000 ஹெக்டேயருக்கு மேற்பட்ட மாவில்லு பாதுகாப்பு வனத்துக்குள் சேர்க்கப்பட்டன.

வில்பத்து 1938இல் தேசியப் பூங்காவானது. அதைப் பாதுகாப்பது நம் அனைவரதும் கடமை. மறிச்சுக்கட்டியோ, பூங்காவின் வட எல்லையான மோதரகம் ஆற்றுக்கு அப்பால் உள்ளது. ஆயினும் எல்லைக்கு வெளியே என்பதற்காக எந்தக் காட்டையும் வெட்டலாம் என்றாகாது. 2020இல் மேன்முறையீட்டு நீதிமன்றம் இப்பகுதியில் ஒதுக்கக் காட்டைத் துப்புரவாக்கிக் குடியேற்றியது சட்டவிரோதம் எனத் தீர்ப்பளித்தது. ஆகவே எது பழைய ஊர், எது காடு என்பதைக் காணிக்குக் காணி பிரித்துக் காட்டும் பொறுப்பு நமக்கு இருக்கிறது. மேடைப் பேச்சும் முகநூல் கோபமும் அதற்குப் போதாது.

காணி உறுதியும் அனுமதிப்பத்திரமும் ஓடிய ஓட்டத்தில் தொலைந்திருக்கலாம். அப்படியானால் வேறு சாட்சிகளைத் தேட வேண்டும். நில அளவைத் திணைக்களத்தின் பழைய ஓரங்குல வரைபடங்களில் குளங்களும் குடியிருப்புகளும் குறிக்கப்பட்டுள்ளன. 1990க்கு முந்திய வாக்காளர் இடாப்பில் குடும்பங்களின் பெயர்கள் உண்டு. ஆசிரியன் என்ற வகையில் நான் அதிகம் நம்புவது பாடசாலைச் சேர்விடாப்பை. பிள்ளையின் பெயர், பிறந்த திகதி, தகப்பன் பெயர், முகவரி எல்லாம் அதில் வரிசையாகப் பதியப்பட்டிருக்கும். பள்ளிவாசலின் விவாகப் பதிவுகளும் மையவாடியின் கப்றுகளும் அத்தகையவையே.

இவற்றை விளக்கக்கூடிய பெரியவர்கள் நம்மிடையே குறைந்து வருகிறார்கள். 1990இல் நாற்பது வயதாக இருந்தவருக்கு இன்று எழுபத்தைந்துக்கு மேல். யாருடைய கிணறு எது, எந்த வேலி எங்கே முடிந்தது என்பது அவருக்குத்தான் தெரியும். புத்தளத்தில் வளர்ந்த இளைஞர்கள் அவர்களை ஒருமுறை ஊருக்கு அழைத்துச் சென்று, சொல்வதை எழுதி, ஒலிப்பதிவு செய்து, இடங்களைப் படமெடுத்துப் பிரதேச செயலகத்திலும் பள்ளிவாசலிலும் ஒவ்வொரு பிரதி வைக்கட்டும்.